எழுத்துப் படிப்பும் பதிப்புத் துறைத் தொடர்பும்: சேலத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பதிப்பகங்களுக்கு எடிட்டிங், மெய்ப்பு (புரூஃப்) வேலைகளை அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தே செய்துவருகிறேன். படைப்பெழுத்தோ பதிப்பியலோ முதுகலையாகப் படிக்கலாமா என்று ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பக்கமிருந்து போன் போடுகிறவர்கள் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: "அங்க படிச்சா ஆளுங்க பழக்கம் ஆவாங்களாக்கா?" ஆவார்கள். எந்த ஆள், எந்த மொழியில், எதற்காகப் பழக்கமாகிறார் என்பதைப் பார்க்காமல் பணம் கட்டுகிறவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில், இது என்ன படிப்பு?

உண்மையில் இரண்டு படிப்பு. படைப்பெழுத்தில் நீங்கள் எழுதிய கதையை வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்து, உங்களை வைத்துக்கொண்டே அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். கடைசியில் ஒரு நீண்ட கைப்பிரதியைத் தர வேண்டும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-லும், இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-லும் இதைத் தொடங்கின. பதிப்பியல் படிப்பு வேறு ரகம்: எதைப் போடுவது, எப்படிச் செம்மையாக்குவது, என்ன விலை வைப்பது, உரிமையை யாருக்கு விற்பது என்று புத்தகத்தின் தொழில் பக்கம் முழுவதும் வரும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. இங்கிலாந்தில் முதுகலை பெரும்பாலும் ஒரே வருஷம். அமெரிக்காவில் இரண்டு, மூன்று வருஷம் போகும்.

விளம்பரத்தில் 'துறையுடன் நெருங்கிய தொடர்பு' என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்?

இதைத்தான் தோண்டித் துருவிக் கேட்க வேண்டும். அந்த ஒரே வரிக்குள் தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான பல விஷயங்களைப் போட்டு மூடிவிடுவார்கள்.

கடைசித் தரம், விருந்தினர் உரை. ஒரு பதிப்பாசிரியர் வருவார், ஒரு மணி நேரம் பேசுவார், போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். அடுத்த வாரம் அவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. அவர் மீது குற்றமில்லை. ஒரே மாதத்தில் நாலு கல்லூரிக்குப் போயிருப்பார்.

அதற்கு மேலே ஆண்டுத் தொகுப்பு. மாணவர்களின் எழுத்தை ஒரு புத்தகமாகப் போட்டு ஏஜென்டுகளுக்கும் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசி விற்றுத்தருபவர்கள்) பதிப்பாசிரியர்களுக்கும் அனுப்புவார்கள். இங்கிலாந்தில் இது பழக்கப்பட்ட முறை, ஓரளவு வேலை செய்யும் முறையும்கூட. ஆனால் அந்தத் தொகுப்பை எடிட் செய்தது யார், விலை போட்டது யார், பின்னட்டை வாசகம் எழுதியது யார் என்று கேளுங்கள். எல்லாமே மாணவர்கள் கையால் நடந்தது என்றால் அது தனி மதிப்பு.

பிறகு பதிப்பகத்தில் சில வாரம் போய் உட்காரும் பயிற்சி. நல்லதுதான், என்ன வேலை கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து.

எனக்கு மேலானதாகப் படுவது இன்னொன்று. ஒரு பதிப்பகம் தன்னிடம் உண்மையாகவே வந்திருக்கும் கைப்பிரதியை வகுப்புக்குக் கொடுக்கும். மாணவர் அதை வாசித்து ஒன்றரைப் பக்கத்தில் வாசிப்பு அறிக்கை எழுத வேண்டும். கதைச் சுருக்கம் ஒரு பத்தி. யார் வாங்குவார்கள், இதுபோல் ஏற்கெனவே வந்தவை எவை என்று ஒரு பத்தி. எங்கே தொய்கிறது என்று அத்தியாய எண்ணோடு ஒரு பத்தி. கடைசியில் போடலாம், வேண்டாம், திருத்தி வந்தால் பார்க்கலாம் என்று மூன்றில் ஒன்று. "நன்றாக இருக்கிறது, சில இடங்களில் மேம்படுத்தலாம்" என்று எழுதினால் பதிப்பாசிரியர் குப்பையில் போடுவார். "ஏழாம் அத்தியாயத்தில் மாமனார் செத்த பிறகு கதைக்கு வேலையில்லை, அங்கிருந்து அறுபது பக்கம் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள்தான்" என்று எழுதினால், அடுத்த கைப்பிரதி உங்களைத் தேடி வரும். பழக்கம் என்பது இப்படித்தான் உருவாகிறது. உங்கள் முகத்தை மறந்தாலும் உங்கள் கணிப்பு சரியாக இருந்ததை அவர் மறக்க மாட்டார்.

ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போடும்போது "யார் யார் வருவார்கள்?" என்று கேட்காதீர்கள். பட்டியல் அனுப்புவார்கள், அதில் பெரிய பெயர்களாக இருக்கும். வந்தவர்கள் மாணவர் எழுத்தை வாசித்தார்களா? வாசித்து எழுத்தில் ஏதாவது சொன்னார்களா? பயிற்சிக்குப் போனவர்களுக்குச் சம்பளம் உண்டா? படித்து மூன்று வருஷம் ஆனவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? முடிந்தால் அப்படி ஒருவரின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். தயங்கித் தயங்கித் தருகிற இடத்தில் நீங்களும் தயங்கலாம்.

படித்தால் ஏஜென்ட் கிடைப்பாரா?

இங்கிலாந்து, அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வரும் கைப்பிரதியைத்தான் எடுத்துப் பார்க்கும். அதனால்தான் அந்த ஊர்ப் படிப்புகள் ஏஜென்டைக் காட்டி ஆள் சேர்க்கின்றன. ஏஜென்ட் உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 சதவீதமும், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 சதவீதமும் எடுத்துக்கொள்வார். உங்கள் புத்தகம் விற்றால்தான் அவருக்குக் காசு. வாசிப்பதற்கே கட்டணம் கேட்கிறவரிடமிருந்து ஒதுங்கிவிடுங்கள்.

தமிழில் இந்த வழக்கமே கிடையாது என்று சொல்லிவிடலாம். எழுதியவர் நேராகப் பதிப்பாளருக்கு அனுப்புவார். பதிப்பாளரே வாசிப்பார், நேரமில்லாவிட்டால் தான் நம்பும் ஒருவரிடம் கொடுத்து "பார்த்துச் சொல்லுப்பா" என்பார். அந்த ஒருவராக நீங்கள் ஆக முடியுமா என்பதுதான் தமிழில் கேட்க வேண்டிய கேள்வி.

நான் தமிழில்தான் எழுதுகிறேன். வெளிநாடு போய்ப் படித்து என்ன பிரயோஜனம்?

தமிழில் கதை எழுதுவது மட்டுமே நோக்கம் என்றால், வேண்டாம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். உங்கள் கதையின் மொழிபெயர்ப்பைத்தான் அவர்கள் அலசுவார்கள். வாழப்பாடிப் பேச்சு எங்கே சரியாக விழுந்திருக்கிறது, எங்கே நாடகமாகிவிட்டது என்று சொல்ல அந்த அறையில் ஆள் இருக்காது.

மொழிபெயர்ப்பும் செய்வேன், உரிமை விற்கும் வேலையும் பிடிக்கும் என்றால் கதை மாறுகிறது. ஈஸ்ட் ஆங்லியாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு மையம் 1989-லிருந்து இருக்கிறது. தொடங்கியவர் அங்கே பேராசிரியராக இருந்த ஜெர்மன் எழுத்தாளர் டபிள்யூ. ஜி. சீபால்ட். இங்கே தமிழ்நாடு அரசு 2023-லிருந்து சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறது. தமிழ் நூல்களை வேற்று மொழிகளில் கொண்டுவர மொழிபெயர்ப்பு நல்கையும் கொடுக்கிறது. அங்கே ஒரு வெளிநாட்டுப் பதிப்பாளர் எதிரே வந்து உட்கார்ந்தால், அவர் கையில் ஒரு பக்கச் சுருக்கம், இருபது பக்க ஆங்கில மாதிரி, உரிமை யாரிடம் இருக்கிறது என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். இதை ஒழுங்காகத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. வெளிநாட்டுப் பதிப்பியல் படிப்பு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும். அதற்காகப் போகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

இந்தியாவிலேயே எங்கே படிக்கலாம்?

இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், புத்தகப் பதிப்புக்கென்று முதுகலைப் பட்டயம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படிக்கலாம், சேர்க்கை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் எடிட்டிங்கும் புத்தக வடிவமைப்பும் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறது. பட்டம் கிடைக்காது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பதிப்பகத்துக்குள்ளேயே பாடம். நேஷனல் புக் டிரஸ்ட் குறுகிய காலப் பயிற்சிகள் வைக்கும். நம் ஊரில் கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகத்தில் தமிழோ இதழியலோ முதுகலை சேர்ந்துவிட்டு, பதிப்பு வேலையை வெளியே கற்றுக்கொள்கிறவர்களும் உண்டு. செலவைப் பார்த்தால் நான் முதலில் யோசிப்பது இந்த வழியைத்தான்.

சேலத்திலேயே இருந்துகொண்டு தொடர்பு உண்டாக்க முடியுமா? எல்லாம் சென்னையில்தானே இருக்கிறது?

எல்லாம் சென்னையில் இல்லை. காலச்சுவடு நாகர்கோவிலில், எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், வம்சி திருவண்ணாமலையில். தமிழ்ப் பதிப்புத் துறை சிறு ஊர்களிலிருந்தே நடக்கப் பழகியது. சென்னைக்கே போக வேண்டுமென்றாலும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது சென்ட்ரல்.

வாசல் எது என்று கேட்டால், மெய்ப்பு. கதை எழுத வந்தவரிடம் புரூஃப் பார் என்றால் முகம் சுருங்கும், தெரியும். ஆனால் எந்தப் பதிப்பகத்திலும் எந்நாளும் ஆள் தட்டுப்பாடு உள்ள வேலை அதுதான். ஒரு சின்ன உதாரணம். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று வந்துவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதலாவதில் இருப்பது ரகர மெய். இரண்டாவதில் ஒரு துணைக்காலை (ா) வைத்து அதன் தலையில் புள்ளி குத்தியிருக்கிறது. தாளில் அச்சானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்நூலில் ஒருவர் 'அவர்கள்' என்று தேடினால் ஒன்றுகூட வராது. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக விழுந்து இதே கதை. கைப்பிரதியைத் திறந்ததும் முதல் வேலையாக இதைத் தேடி மாற்றிவிட்டு, "இத்தனை இடத்தில் இருந்தது, சரிசெய்துவிட்டேன்" என்று எழுதி அனுப்பும் ஆளைப் பதிப்பாளர் விட மாட்டார். ஒற்று, ர-ற, ந-ன பிழையெல்லாம் பார்க்க ஆள் கிடைக்கும். இது கண்ணில் படுகிறவர் குறைவு.

இன்னொரு வாசல், புத்தகக் கண்காட்சி. மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கிய பிறகு சேலத்துக்கும் வருகிறது. ஆகஸ்டில் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து நடத்தும் விழா. பஸ்ஸில் போய்வரும் தூரம். பொங்கலை ஒட்டிச் சென்னை. இவற்றில் பதிப்பகங்களுக்கு அரங்கில் நிற்க ஆள் வேண்டும். பில் போடுங்கள், அட்டைப்பெட்டி பிரியுங்கள். எந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள், விலையைப் பார்த்தா, எழுத்து அளவைப் பார்த்தா என்று நிற்கும்போதே தெரியும். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பதிப்பாளர் டீயோடு வந்து உட்காருவார். அப்போது "சார், நானும் ஒரு நாவல்..." என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. அன்று காலையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பயிற்சிக்குக் காசு தருவார்களா?

தமிழில் பெரும்பாலும் சொற்பம், சில இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு மாதம் சும்மா பார்க்கலாம். அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் புத்தகத்தின் விவரப் பக்கத்தில் வருமா என்றும் கேளுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் சான்றிதழ்.

இங்கிலாந்தில் படிக்கும்போதே ஃப்ரீலான்ஸ் எடிட்டிங் செய்து செலவைச் சமாளிக்கலாமா?

கூடாது. பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சம்பள வேலை பார்க்கலாம். சுயதொழில் செய்யவே கூடாது. ஃப்ரீலான்ஸ் என்பது சுயதொழில் கணக்கில்தான் வரும். கடையில் நிற்கலாம், பதிப்பகம் தன் ஊழியராக எடுத்தால் போகலாம். பாடத்திட்டத்துக்குள்ளேயே வரும் பயிற்சிக்கு விதி தனி. இதைத் தெரியாமல் பட்ஜெட் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். செலவு முழுவதையும் ஏற்கும், பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். கல்லூரி முடித்த கையோடு கிடைக்காது.

என் குறிக்கோள் சினிமா. இந்தப் படிப்பு உதவுமா?

சேலத்துக்காரருக்கு இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. கலைஞர் கருணாநிதி அங்கே வசனம் எழுதினார், கண்ணதாசன் கதை இலாகாவில் இருந்தார். எழுத்தாளரை ஊருக்கு வரவழைத்து, இருக்க இடம் கொடுத்து, ஸ்டுடியோவுக்குள்ளேயே எழுத வைத்த ஏற்பாடு அது. தொழிலும் எழுத்தும் ஒரே வளாகத்துக்குள் இருந்ததால், காலையில் எழுதியதை நடிகர் வாயில் கேட்டுவிட்டுத் திருத்த முடிந்தது.

அப்படியொரு கதை இலாகா இன்று சேலத்தில் இல்லை. படைப்பெழுத்துப் படிப்பில் திரைக்கதை ஒரு தாளாக வரும், அவ்வளவுதான். சினிமாதான் குறி என்றால் சினிமாப் பள்ளியோ உதவி இயக்குநர் வேலையோ பாருங்கள். கதையை யாரிடமாவது சொல்வதற்கு முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது, அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழக்கமான பதிப்பாளர்தான். ஒப்பந்தம் கேட்டால் தப்பாக நினைப்பாரா?

நினைத்தால் நினைக்கட்டும். தொடர்பு நன்றாக இருக்கும்போதுதான் தாளில் எழுத வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிக்கொண்ட உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலன்றி, அது காலாவதியாகும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளைத் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்ற ஒற்றை வரியில் எல்லாம் போய்விடும்.

பதிப்பாளரே பணம் கேட்டால்? அது அச்சிட்டுக் கொடுக்கும் சேவை. சேவையாகவே நினைத்து, ஃபாரத்துக்கு எவ்வளவு, அதாவது பதினாறு பக்கத்துக்கு எவ்வளவு என்று விலை பேசி வாங்கலாம். ஏமாந்ததாக நினைக்க வேண்டியதில்லை. பதிப்பாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் ஊரில் சொல்லாதீர்கள்.

வீட்டில் "சம்பளம் எவ்வளவு வரும்?" என்கிறார்கள். என்ன சொல்வது?

கணக்கைக் காட்டுங்கள். தமிழில் ராயல்டி வழக்கமாக விலையில் 10 சதவீதம். 250 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்தார்கள். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அடிக்கிறார்கள். லைப்ரரி ஆர்டர் வந்தால் தொகை கூடும், எப்போது வரும் என்பது வேறு விஷயம். ஆக, எழுத்தை வைத்துச் சம்பளம் என்று சொன்னால் அப்பா சிரிப்பார்; சிரிக்கட்டும். எடிட்டிங், மொழிபெயர்ப்பு, பாடநூல், விளம்பரம், ஒலிநூல் என்று பல இடத்திலிருந்து வரும் சில்லறை சேர்ந்துதான் குடும்பம் நடக்கும். அந்தப் பல இடங்களில் கால் வைக்கப் படிப்பு உதவுமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பெண். விண்ணப்பத்தோடு மலையைப் பற்றித்தான் எழுதி அனுப்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. எழுதினால் மூடுபனியையும் இருபது கொண்டை ஊசி வளைவையும் விட்டுவிடுங்கள், அது சுற்றுலாத் துறையின் வேலை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சாயங்காலம் மூட்டையை எடை போடும் இடத்தில் என்ன நடக்கும், தராசைப் பிடிப்பவர் யாரை நிமிர்ந்து பார்ப்பார், யாரைப் பார்க்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும், தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. பதிப்பியலும் சேர்ந்த படிப்பு என்றால் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். சிறு வயதிலிருந்தே புத்தகம் பிடிக்கும் என்று எல்லோரும் எழுதுவார்கள். பள்ளி ஆண்டு மலரை நீங்கள்தான் தொகுத்தீர்கள், பதினெட்டுக் கட்டுரையில் ஆறை மட்டும் எடுத்தீர்கள், தலைமையாசிரியர் எழுதியதையே வெட்டினீர்கள் என்றால், அதை எழுதுங்கள்.

பதிப்பாளருக்கு முதல் மெயில் எப்படி எழுதுவது?

சுருக்கமாக. கீழே உள்ள மாதிரி போதும்:

"வணக்கம். சேலத்தில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் பதிப்பகம் சென்ற ஆண்டு வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பை வாசித்தேன். 41, 87, 112-ஆம் பக்கங்களில் கண்ட எழுத்துப் பிழைகளை இணைத்துள்ளேன், மறுபதிப்புக்கு உதவலாம். மெய்ப்பு பார்க்க ஆள் தேவைப்பட்டால் பத்துப் பக்கம் மாதிரியாகச் செய்து தருகிறேன். போன் எண் கீழே."

பிழைப் பட்டியலைக் குத்திக்காட்டும் தொனியில் எழுதிவிடாதீர்கள். உங்கள் மெயிலிலேயே ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நாவலை இணைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். ஜனவரியில் மட்டும் வேண்டாம், அப்போது எல்லோரும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக நந்தனத்தில் அரங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள்.